கரை தாண்டாத காசு

பசிபிக் கடலில் பிட்கேர்ன் என்று ஒரு குட்டித் தீவு. மொத்த மக்கள்தொகையே 50 பேர் அளவுக்குத்தான். நம்ம ஊர் கல்யாணத்தில் முதல் பந்திக்கு உட்காருகிறவர்கள் இதைவிட அதிகம். ஆனாலும் 1988-லிருந்து அந்தத் தீவின் பெயரில் விதவிதமாக நாணயங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றை யார் செலவழிக்கிறார்கள் என்று கேட்கிறீர்களா? யாரும் இல்லை. அங்கே புழங்குவது நியூசிலாந்து டாலர். இந்த நாணயங்கள் எல்லாம் என்னை மாதிரி ஆட்களுக்காக அடிக்கப்படுபவை :)

நியுவே தீவு 2001-ல் போகிமான் படம் போட்ட காசு வெளியிட்டது, 2011-ல் ஸ்டார் வார்ஸ். பலாவ் தீவு 2007-ல் லூர்து மாதா நாணயத்துக்குள் லூர்து தண்ணீரையே ஒரு சின்னக் குப்பியில் அடைத்து விற்றது. அடிப்பது எங்கோ ஒரு நாட்டின் தனியார் நாணயச்சாலை. தீவுக்குக் கிடைப்பது பெயரைக் கொடுத்ததற்கான தொகை. பெரும்பாலான காசுகள் தங்கள் தீவின் மண்ணையே மிதிக்காமல் நேராகச் சேகரிப்பவரின் அலமாரிக்குப் போய்விடும்.

வேலைக்காக கொல்கத்தா வந்த பிறகு எனக்கு இந்தப் பழக்கம் கொஞ்சம் முற்றிவிட்டது. இந்த ஊரில் நாணயப் பைத்தியங்கள் அதிகம். கல்கத்தா நாணயவியல் சங்கம் நடத்தும் 'முத்ரா உத்சவ்' கண்காட்சிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், புரியும். போகிமான் காசில் தொடங்கிய நான் பழைய தீவுக் காசுகளைத் தேடப் போனபோதுதான், அவற்றில் பல இதே கொல்கத்தாவில் அடிக்கப்பட்டவை என்று தெரிந்தது.

முதலில் பினாங்கு. 1786-ல் பிரான்சிஸ் லைட் அந்தத் தீவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரிட்டிஷ் கொடியை ஏற்றி, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு என்று பெயர் வைத்தார். உடனே சில்லறைத் தட்டுப்பாடு. இங்கிருந்துதான் வெள்ளியிலும் செம்பிலும் காசு அடித்து அனுப்பினார்கள். ஒரு பக்கம் கம்பெனி முத்திரை, மறுபக்கம் பாரசீக எழுத்தில் தீவின் பெயர். அடுத்து மொரீஷியஸ். 1822-ல் 25 சூ, 50 சூ காசுகள் கல்கத்தாவிலிருந்து போயின. பன்னிரண்டு வருஷம் கழித்து, 1834-ல், 'அட்லஸ்' என்ற கப்பல் இதே கல்கத்தாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு மொரீஷியஸ் போனது. காசு போன வழியிலேயே ஆளும் போனான்!

ஸ்ட்ராண்ட் சாலையில் பெரிய பெரிய தூண்களோடு கிரேக்கக் கோயில் மாதிரி ஒரு பழைய கட்டடம் உண்டு. அதுதான் 1829-ல் வேலை தொடங்கிய நாணயச்சாலை. வில்லியம் நேர்ன் ஃபோர்ப்ஸ் என்ற பொறியாளர் கட்டியது. 1952-ல் வேலை அலிப்பூருக்கு மாறும்வரை இந்தியாவின் ரூபாய்கள் இங்கே பிறந்தன. என்னை மிகவும் பாதித்த தீவுக் காசும் கல்கத்தாவில் அடித்ததுதான். அது அந்தமான் டோக்கன்.

1857 எழுச்சிக்குப் பிறகு, 1858 மார்ச்சில், 200 கைதிகளோடு கல்கத்தாவிலிருந்து ஒரு கப்பல் போர்ட் பிளேர் போய்ச் சேர்ந்தது. அந்தக் கைதிகள் குடியிருப்பின் கண்காணிப்பாளராகப் பிறகு வந்தவர் காப்டன் ஹாட்டன். அவர் காலத்தில், 1861-ல், இந்த டோக்கன் வந்தது. மறுபடி 1866-லும் அடித்தார்கள். அதில் போட்டிருந்த மதிப்பு ஒரு ரூபாய். ஆனால் உலோகம் வெள்ளி இல்லை, வெறும் செம்பு! போர்ட் பிளேருக்குள் அது ஒரு ரூபாய், கடலைத் தாண்டினால் செம்புத் துண்டு. தப்பித்து ஓடுகிறவன் அதை வைத்துக்கொண்டு ஒரு வேளைச் சோறுகூட வாங்க முடியாது. 1890-களில் அந்தமானின் தலைமை ஆணையராக இருந்த ரிச்சர்ட் கார்னக் டெம்பிள் நாணய ஆர்வலர். இந்த டோக்கன்களைப் பற்றி அவர் எழுதி வைத்தார்.

கைதிகள் தீவுதானே, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தால், இந்தியப் பெருங்கடலிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. கோகோஸ் தீவுகள். 1827-லிருந்து குளூனீஸ்-ராஸ் என்ற ஒரே குடும்பத்தின் ஆட்சி. தென்னந்தோப்பில் வேலை பார்த்த மலாய் மக்களுக்குக் கூலியாக முதலில் ஆட்டுத்தோலில் எழுதிய நோட்டு, பிறகு 1910 என்று பொறித்த, தந்தம் போலத் தெரியும் டோக்கன், 1968-ல் பிளாஸ்டிக் டோக்கன். மதிப்பு என்னவோ ரூபாயில்தான். அதை மாற்றிப் பொருள் வாங்க இருந்தது முதலாளியின் கடை. கையில் ரூபாய் இருக்கும், அதைக் கொண்டு வெளியூர் போக முடியாது. 1974-ல் ஐ.நா. குழு ஒன்று நேரில் போய்ப் பார்த்தது. 1978-ல் ஆஸ்திரேலிய அரசு 62.5 லட்சம் டாலர் கொடுத்து அந்தக் குடும்பத்திடமிருந்து தீவுகளில் பெரும்பகுதியை வாங்கியது. தீவு மக்கள் 1984-ல் வாக்களித்து ஆஸ்திரேலியாவோடு இணைந்தார்கள். தீவுகளை விற்பதற்கு ஒரு வருஷம் முன்னால், 1977-ல், அந்தக் குடும்பம் தங்கள் 150-ஆம் ஆண்டைக் கொண்டாட மூதாதையின் தலையைப் போட்டுப் பளபளவென்று நாணயம் வெளியிட்டதுதான் வேடிக்கை. கூலி டோக்கன் சேகரிப்பாளர் காசாக மாறிய இடம் அது.

இங்கிலாந்துக்குப் பக்கத்தில் லண்டி தீவை வாங்கிய மார்ட்டின் கோல்ஸ் ஹார்மன் 1929-ல் தன் தலையைப் போட்டு 'பஃபின்' காசு அடித்தார். அவருக்கு நீதிமன்றம் 5 பவுண்டு அபராதம் போட்டது. கோகோஸ் தீவின் முதலாளியோ கடைசிவரை சொந்தக் காசிலேயே கூலி கொடுத்தார்.

இந்த இரண்டு வகைக் காசுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் இதுதான்: பழைய தீவுக் காசு கரையைத் தாண்டி வெளியே வர முடியாதது. புதிய தீவுக் காசு கரைக்குள் போகவே போகாதது. முன்னதில் ஒரு மனிதனின் உழைப்பு மாட்டிக்கொண்டிருக்கிறது. பின்னதில் யாருமே இல்லை.

நானும் ஊரை விட்டு வந்து கூலி வாங்குகிறவன்தான். மாசம் பிறந்தால் முதல் வேலையாக ஊரில் அம்மாவுக்குப் பணம் அனுப்புகிறேன். இரண்டு நிமிஷ வேலை. சம்பளம் என்பதன் பாதி அர்த்தமே அதை வேண்டிய இடத்துக்கு அனுப்ப முடிவதில்தான் இருக்கிறது என்று அந்தமான் டோக்கனைப் பற்றிப் படித்த பிறகுதான் உறைத்தது.

போகிமான் காசைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, என்னிடமும் இருக்கிறது. ஆனால் அடுத்த முறை ஒரு தீவுக் காசு கைக்கு வந்தால், அதன் தேய்மானத்தைப் பாருங்கள். வழவழவென்று தேய்ந்திருந்தால், யாரோ அதை வைத்து அரிசி வாங்கியிருக்கிறார்கள். அந்த ஆள் வேறு என்னவெல்லாம் வாங்க முடியாமல் போனது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.