ஹான்வெல் கடையில் பிறந்த சத்தம்

எங்கள் சபையின் வாலிபர் இசைக்குழுவில் கிற்றார் வாசிக்கும் தம்பி, தனது பழைய வால்வு அம்பை விற்றுவிட்டு ஒரு டிஜிட்டல் பெட்டி வாங்கப் போவதாக வீட்டில் சொல்லியிருக்கிறார். அந்த அம்ப் அப்பா இரவு வேலை செய்து சேர்த்த காசில் வாங்கிக் கொடுத்தது. "அசலை வித்துப்போட்டு நகலை வாங்கப் போறியோ?" என்று ஒரு கேள்வி கேட்டதோடு அவர் பேச்சை நிறுத்திவிட்டார். இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவர்கள். யாருக்காகப் பேசுவது என்று தெரியாமல், இந்த 'அசல்' எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கினோம்.

தேடல் எங்களை அதிக தூரம் கொண்டுபோகவில்லை. நம்மில் பலர் மரக்கறி வாங்க சவுதோலுக்குப் போகும் 207ஆம் இலக்க பஸ் ஓடுகிற அதே அக்ஸ்பிரிட்ஜ் வீதிதான். ஹான்வெல்லில் 76ஆம் இலக்கக் கட்டடம். 1960இல் ஜிம் மார்ஷல் என்ற டிரம்ஸ் ஆசிரியர் அங்கே ஓர் இசைக்கருவிக் கடை திறந்தார்.

1923இல் பிறந்த இவருக்குச் சிறுவயதில் எலும்புக் காசநோய். கணுக்காலிலிருந்து அக்குள் வரை பிளாஸ்டர் கட்டோடு பள்ளிப் பருவத்தின் பெரும்பகுதியைக் கழித்தார். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து 1943இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன் உடலை அசையாமல் வைத்திருப்பதே சிகிச்சை. இரண்டு வாரக் கட்டுக்கே அழுகிற பிள்ளைகளை வார்டில் பார்த்திருக்கிறோம். வருடக்கணக்கில் என்பதை எங்களால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. கட்டுக் கழன்ற பிறகு அவர் நடனம் பழகினார், பாடினார், டிரம்ஸுக்கு வந்தார். கிற்றார் அவருடைய கருவியல்ல.

கடைக்கு வந்த இளைஞர்கள் அமெரிக்காவின் ஃபெண்டர் அம்ப் கேட்டார்கள். இறக்குமதி விலையோ அதிகம். ஆகவே மார்ஷல், திருத்துநர் கென் பிரான், இளம் தொழில்நுட்பவியலாளர் டட்லி கிரேவன் ஆகியோர் ஒரு ஃபெண்டர் பாஸ்மன் அம்பின் சுற்றை அடிப்படையாக வைத்து 1962இல் சொந்தமாக ஒன்றைச் செய்தார்கள். அதுதான் ஜே.டி.எம். 45. உலகம் துரத்துகிற மார்ஷல் சத்தத்தின் தொடக்கமே ஒரு நகல் என்பதை வாசித்தபோது நாங்கள் சிரித்துவிட்டோம். பாஸ்மனைச் செய்த லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவில் வானொலி திருத்தியவர். அவருக்கும் கிற்றார் வாசிக்கத் தெரியாது! அந்த அம்பும் பாஸ் கிற்றாருக்காகச் செய்யப்பட்டதே.

ஆனால் நகல் அசலைப்போல் ஒலிக்கவில்லை. ஃபெண்டரின் முதல் வால்வு 12ஏவை7. ஹான்வெல்காரர் போட்டது அதைவிடக் கூடுதலாக ஒலியைப் பெருக்கும் இசிசி83. ஃபெண்டரில் பின்பக்கம் திறந்த பெட்டிக்குள் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள். மார்ஷலுக்கு மூடிய தனிப் பெட்டியில் நான்கு 12 அங்குல ஸ்பீக்கர்கள்.

பெரியவர்களின் வீட்டு வால்வு றேடியோ ஞாபகம் இருக்கும். வால்வு என்பது காற்று அகற்றிய கண்ணாடிக் குழாய். அதற்குள் சூடான பகுதியிலிருந்து இலத்திரன்கள் ஒரு தகட்டுக்குப் பாயும். இடையிலுள்ள கம்பி வலைக்கு கிற்றாரின் சிறு மின்னழுத்தம் வரும்போது அந்தப் பாய்ச்சல் கூடிக் குறையும். தாங்கும் அளவுக்கு மேல் கொடுத்தால் அலையின் உச்சி தட்டையாகிவிடும். கிற்றார் தராத மேற்றொனிகள் அங்கே பிறக்கும். ஃபெண்டருக்கு அது பிழை, அவர் விரும்பியது தெளிந்த ஒலி. அந்தப் பிழைக்காகவே இளைஞர்கள் அம்பை உச்சத்தில் வைத்தார்கள். கின்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் 1964இல் தன் சிறிய அம்பின் ஸ்பீக்கர் கூம்பைச் சவர அலகால் கீறியே அந்தக் கரகரப்பைப் பெற்றார். 1966இல் ஜோன் மேயாலின் குழுவோடு இசைத்தட்டுப் பதிவு செய்தபோது, எரிக் கிளாப்டன் மார்ஷல் அம்பின் சத்தத்தைக் குறைக்க மறுத்துவிட்டார். குறைத்தால் அந்த ஒலி வராது.

தம்பியின் சிக்கலும் இதுதான். ஆராதனை மண்டபத்தில் பின்வரிசை நிறையக் கைக்குழந்தைகள். அம்பை இரண்டுக்கு மேல் திருப்ப முடியாது. மார்ஷலிடம் 100 வாட் கேட்டு வாங்கிய பீட் டவுன்ஷெண்ட், பின்னாளில் தன் செவித்திறன் குறைந்ததை வெளிப்படையாகவே பேசினார். காது விஷயத்தில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

1998இல் கலிஃபோர்னியாவின் லைன் 6 நிறுவனம் பொட் என்ற சிவப்புப் பெட்டியை வெளியிட்டது. வடிவம் அப்படியே சிறுநீரகம். வார்டு மொனிட்டர் இதயத் துடிப்பை வினாடிக்குச் சில நூறு தடவை அளந்து எண்களாக்குகிறது. இத்தகைய பெட்டி கிற்றாரின் அலையை வினாடிக்குப் பல ஆயிரம் தடவை அளக்கிறது. ஒவ்வோர் எண்ணையும், வால்வு என்ன செய்திருக்குமோ அதைக் கணக்கிட்டு மாற்றுகிறது. அளக்கும் வேகம் போதாவிட்டால் புதிய மேற்றொனிகள் இடம் மாறி விழுந்து நாராசமாகும். பாஸ்மனும் ஜே.டி.எம். 45உம், அதாவது தாயும் பிள்ளையும், மாற்றுப் பெயர்களில் அந்தப் பெட்டிக்குள் இருந்தன.

2011இல் ஜெர்மனியின் கிறிஸ்தோஃப் கெம்பர் வேறு வழியில் வந்தார். அவருடைய கருவி அம்புக்குள் சோதனை ஒலிகளை அனுப்பி, மைக் வழியே பதிலைக் கேட்டு, அந்த அம்பை அன்று இருந்த நிலையில் பதிந்துகொள்கிறது. இப்போது ஸ்டீவன் அட்கின்சன் இலவசமாகத் தந்த மென்பொருள், சில நிமிட ஒலிப்பதிவை வைத்தே அதைக் கற்றுக்கொள்கிறது. ஸ்பீக்கர் தள்ளும் காற்றில் கிற்றாரின் தந்தி தானாக அதிர்ந்து பதில் சொல்லுமே, அது மட்டும் மெல்லிய சத்தத்தில் கிடைக்காது. அதில் அப்பா சொல்வது சரி.

இதையெல்லாம் இருவருக்கும் தனித்தனியே சொன்னோம். விற்பதற்கு முன் அந்த அம்பையே பதிந்து வைக்கலாம் என்று தம்பிக்குத் தோன்றியது. ஒரு சனிக்கிழமை, அயல்வீட்டாரிடம் சொல்லிவிட்டு, அம்பை ஏழில் வைத்தார்கள். அப்பா காதில் பஞ்சோடு வந்து நின்றார். "ட்ரெபிளைக் கொஞ்சம் குறை தம்பி, நீ முந்தி அப்பிடித்தானே வாசிப்பாய்" என்று தானே குமிழைத் திருப்பினார்.

பெட்டி வந்துவிட்டது. போன ஞாயிறு தம்பி வாசித்தது அந்தப் பதிவில்தான். அம்பை விற்க விளம்பரத்துக்குப் படம் எடுக்க வேண்டும் என்று இரண்டு மாதமாக இருவருமே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.