தேனியில் யாரைச் சோதித்தார்கள்?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு மாநிலம் முழுவதும் கொண்டுபோவதற்கு முன், 2007 வாக்கில், இரண்டு மாவட்டங்களில் சோதித்துப் பார்த்தது. ஒன்று தஞ்சாவூர், இன்னொன்று தேனி. முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுப்பார்கள். மாறுதல் கண்ட இடம் வெளுத்துத் தெரியும். செலவு குறைவு, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முடிந்துவிடும். நல்ல திட்டம்தான்.

ஆனால் அதற்குப் பெண் வந்து படுக்க வேண்டும். கம்பத்திலும் போடியிலும் விடியலில் ஏலத்தோட்ட ஜீப் ஏறுகிறவள் ஒரு நாள் கூலியை விட்டால்தான் வர முடியும். அவள் வீட்டில் மனச்சிதைவு நோயோடு இருக்கும் அக்காளை யார் கூட்டிவருவது?

மனநோயாளியின் உடலைப் பற்றி நாம் பேசத் தொடங்கியதே தாமதமாகத்தான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் காப்பகத் தீயில் சங்கிலியோடு இருந்த 28 பேர் இறந்தார்கள். நாடு சங்கிலியைப் பார்த்தது. அதே ஆண்டுகளில் புதிய மனநோய் மாத்திரைகள் பரவலாகிக்கொண்டிருந்தன. ஓலன்சபின் எடையையும் சர்க்கரையையும் கூட்டும். ரிஸ்பெரிடோன் பல பெண்களுக்கு மாதவிலக்கை நிறுத்திவிடும், சிலருக்குப் பால்கூடச் சுரக்கும். கல்யாணமாகாத பெண்ணுக்கு இது நேர்ந்தால் வீட்டில் என்ன பேச்சு எழும் என்று சொல்லத் தேவையில்லை. மாத்திரையின் வேலை இது என்று முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எடை, இடுப்பளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் சங்கங்கள் 2004இலேயே கூடி அறிவித்தன. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த மரணங்களில் பெரும்பங்கு இதயநோய் போன்ற உடல் நோய்களால் வருவது.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, சிகிச்சையில் மனநோயாளியை உடல் நோயாளிக்குச் சமமாக நடத்தச் சொல்கிறது. 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்தது. சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவிகளோடு சுய உதவிக் குழுப் பெண்களே வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். முகாமுக்குக் கூட்டிப்போக ஆளில்லை என்ற சாக்கு இனி கிடையாது. வாசலில் நிற்கும் அந்தப் பெண், “வேற யாரும் இருக்காங்களா?” என்று கேட்க வேண்டும். உள்ளிருந்து, “அது கெடக்கு, அதுக்குத்தான் மாத்திரை குடுக்குறோமே” என்று பதில் வந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளறைக்குப் போக வேண்டும்.