மலைக்காடு குறைந்தால் வாய்க்கால் தண்ணீரும் குறையும்

கீழ்பவானி வாய்க்கால் சுமார் 2 லட்சம் ஏக்கருக்குப் பாய்கிறது. அந்தத் தண்ணீரில் பெரும்பங்கு நீலகிரியில் பெய்த மழை. அங்குள்ள சோலைக்காடும் புல்வெளியும் மழையை மண்ணில் இறக்கி, மழை நின்ற பிறகும் ஓடைகளில் மெதுவாக விடுகின்றன. பவானியும் மாயாறும் அதைப் பவானிசாகர் அணைக்குக் கொண்டுவருகின்றன.

காடு ஏன் குறைந்தது?

ஆங்கிலேயர் காலத்தில் தேயிலைக்காகக் காடு அழிக்கப்பட்டது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை தர, 1968 முதல் வனநிலத்தில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் வந்தன. பிறகு மக்கள்தொகை பெருகி வீடு, சாலை, விடுதிகள் கூடின. பிழைப்புக்கு நிலம் தேவைதான். ஆனால் காடு போன சரிவில் மழைநீர் மண்ணையும் அரித்துக்கொண்டு ஒரேயடியாக ஓடிவிடும். அணையில் வண்டல் சேரும், கோடையில் ஓடை வற்றும்.

நீங்கள் செய்யக்கூடியவை

• வரப்பில் அகத்தி, கிளைரிசிடியா நடுங்கள். தீவனமும் தழையுரமும் கிடைக்கும். காட்டு மேய்ச்சல் குறையும்.
• வேலியோரம் மலைவேம்பு, தேக்கு வளர்த்தால் மரத்தேவை நிலத்திலேயே தீரும்.
• மாடு வைத்திருப்போர் சாண எரிவாயு கலன் அமைக்கலாம். விறகு மிச்சம், சாணக்கழிவு வயலுக்கு எரு.
• சரிவு நிலத்தில் சரிவுக்குக் குறுக்கே உழுது வரப்பு போடுங்கள். ஓடைக்கரை மரங்களை வெட்டாதீர்கள்.