மிஸாஜும் பிரகிருதியும்: நிறுத்து விற்ற ஒரு கொப்பி

கொட்டாஞ்சேனையில் எங்கள் உம்மும்மாவின் வீட்டில் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு தீர்ப்பு இருந்தது. அன்னாசி சூடு, தெம்பிலி குளிர்ச்சி. "ஒனக்குச் சூட்டு ஒடம்பு மகன், அன்னாசி வேணாம்" என்று என்னைத் தடுத்துவிட்டு, அதே அன்னாசியைத் தம்பிக்கு வெட்டிக் கொடுப்பார். அவனுக்குச் சளி உடம்பாம்; அவனுக்குத் தெம்பிலிதான் தடை. ஒரே உம்மாவுக்குப் பிறந்த இருவருக்கு இரண்டு சட்டமா என்று நான் சண்டை பிடித்ததுண்டு.

பிறகு வெள்ளவத்தைக்குக் குடிவந்தோம். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அன்ரி, "எனக்கு வாத உடம்பு, உருளைக்கிழங்கு சரிவராது" என்பார். அவரும் உம்மும்மாவும் மதிலுக்கு மேலால் மணிக்கணக்கில் இதைப் பேசுவார்கள். ஒருவர் சொல்வது மற்றவருக்கு அப்படியே விளங்கும். இத்தனைக்கும் அவர்கள் பின்பற்றிய மருத்துவங்கள் வேறு வேறு.

ஆயுர்வேதமும் சித்தமும் வாதம், பித்தம், கபம் என்று மூன்றைச் சொல்கின்றன. பிறக்கும்போதே ஒருவருக்கு அமையும் இவற்றின் கலவைதான் ஆயுர்வேதம் சொல்லும் பிரகிருதி. ஒன்று மேலோங்கியது மூன்று, இரண்டு சேர்ந்தது மூன்று, மூன்றும் சமமானது ஒன்று என ஏழு வகை. யூனானியிலோ நான்கு: இரத்தம், பல்கம் எனும் கபம், ஸஃப்ரா எனும் மஞ்சள் பித்தம், ஸவ்தா எனும் கரும்பித்தம். சூடு, குளிர், ஈரம், வறட்சி ஆகியவற்றின் கலப்பே மிஸாஜ். இப்னு ஸீனா கி.பி. 1025 அளவில் முடித்த 'அல்கானூன்' நூலில் மிஸாஜ் ஒன்பது. ஒன்று சமநிலை, எட்டு விலகியவை.

அவர் அங்கே நிறுத்தவில்லை. எல்லாம் சரிசமமாக இருக்கும் உடம்பு உண்மையில் கிடையாது என்கிறார். மருத்துவர் 'முஃததில்' என்பது சம எடையைக் குறித்து அல்ல. பங்கீட்டில் உள்ள 'அத்ல்', அதாவது நீதியைக் குறித்து. அவரவருக்கு உரிய பங்கு அவரவருக்கு. என் அன்னாசி வழக்குக்கு இவ்வளவு பழைய தீர்ப்பு இருந்ததை நான் நரைத்த பிறகுதான் படித்தேன்.

இரண்டு மரபுகளும் ஒன்றையொன்று அறியாதவையும் அல்ல. அலீ இப்னு ரப்பான் அத்தபரீ கி.பி. 850இல் முடித்த 'ஃபிர்தவ்ஸுல் ஹிக்மா'வின் கடைசிப் பகுதி முழுக்க இந்திய மருத்துவம். சரகர், சுசுருதர் நூல்களிலிருந்து எடுத்தவை. சுசுருதரும் ஓரிடத்தில் இரத்தத்தை நான்காவதாகச் சேர்த்துப் பேசுகிறார். ஆனால் வாதமும் ஸவ்தாவும் ஒன்றல்ல. இரண்டும் குளிர்ச்சியும் வறட்சியும் கொண்டவை என்றாலும் ஒன்று காற்று, மற்றது கசடு. 'எல்லாம் ஒன்றுதான்' என்று மேடையில் பேசுவோர் இதைக் கவனிப்பதில்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும்: இவை எதையும் இன்றைய ஆய்வுகூடத்தில் அளக்க முடியாது. காய்ச்சல் வந்தால் நானும் இரத்தப் பரிசோதனைக்குத்தான் ஓடுகிறேன்.

நம் நாட்டில் 1929இல் பொரளையில் தொடங்கிய சுதேச வைத்தியக் கல்லூரியில் மூன்றும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்பட்டன. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போய், 'ஆயுர்வேதம்' என்ற சொல்லுக்குள்ளேயே சித்தத்தையும் யூனானியையும் அடக்கியது. மதிலுக்கு மேலால் நடந்த பேச்சைச் சட்டமும் ஒத்துக்கொண்டது மாதிரி.

இதற்கெல்லாம் முன்னால் நம்மவர் கையில் என்ன இருந்தது? இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்டன் 1827இல் எழுதிய கடிதமொன்றில் அதற்குச் சாட்சி இருக்கிறது. கேலன் போன்றோரின் நூல்களின் அரபு மொழிபெயர்ப்புப் பகுதிகளை இங்குள்ள முஸ்லிம் ஆலிம்களும் வியாபாரிகளும் தன்னிடம் அடிக்கடி கொண்டுவந்து காட்டியதாக எழுதுகிறார். மூல நூல்கள் பக்தாதிலிருந்து வந்து சில நூறு வருஷம் அந்தக் குடும்பங்களில் இருந்தனவாம். பிறகு கஷ்டம் வந்தபோது, கிழக்குத் தீவுகளுடன் வியாபாரம் செய்தவர்களுக்கு விற்றுவிட்டார்களாம்.

அவர்களாவது கஷ்டத்தில் விற்றார்கள். உம்மும்மாவின் வாப்பா அரபுத் தமிழில் எழுதிய மருந்துக் கொப்பி ஒன்று எங்கள் வீட்டு அலுமாரியில் கிடந்தது. ஒரே வரியில் 'ஸஃப்ரா' என்றும் 'பித்தம்' என்றும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்ததைச் சின்ன வயதில் எழுத்துக்கூட்டி வாசித்தது ஞாபகம். கொட்டாஞ்சேனை வீட்டை விற்றபோது மாமா அதைப் பழைய பேப்பரோடு சேர்த்து நிறுத்துக் கொடுத்தார். கட்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியவன் நான்.