பருத்திக்கொட்டை: மாட்டுக்கும் நமக்கும் நடுவே

பதிவு கொஞ்சம் நீளம். நிதானமாகப் படியுங்கள்.

மாட்டுத்தாவணி என்றால் உங்களில் பலருக்கு பஸ் ஸ்டாண்ட்தான் நினைவுக்கு வரும். 1999-இல் அது வந்த பிறகு பிறந்த பிள்ளைகள், “தாவணின்னா பொம்பளைப் பிள்ளைங்க கட்டுறதுதானே சார்?” என்று கேட்டிருக்கிறார்கள். இங்கே தாவணி என்றால் மாட்டுச் சந்தை. உழவு மாடும் வண்டி மாடும் கைமாறிய இடம். மாடு இருந்தால் தீனி வேண்டும். நம் பக்கத்தில் நல்ல மாட்டுக்கு நல்ல தீனி என்றால் ஊறவைத்து ஆட்டிய பருத்திக்கொட்டை. இன்றும் அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் சல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவர்களைக் கேளுங்கள், முதலில் அதைத்தான் சொல்வார்கள்.

அதே கொட்டையில் காய்ச்சியதுதான் நம் மதுரைத் தெருக்களில் தள்ளுவண்டியில் விற்கும் பருத்திப்பால். “மாட்டுத் தீனியை மனுசன் குடிக்கலாமா? அதில் விஷம் இருக்கிறதாமே?” என்று பழைய மாணவர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். ஒற்றை வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் வரலாற்றோடு சொன்னால்தான் விளங்கும்.

நம் வட்டாரத்துக்குப் பருத்தி புதிதல்ல. பக்கத்துக் கீழடியிலேயே நூல் நூற்கும் தக்களிகள் கிடைத்திருக்கின்றன. திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் பூமி. அங்கே கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தி விளைந்தது. 1900-களின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி வந்து சேர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மதுரை ரயில் நிலையத்தருகே ஹார்வி மில் எழும்பிவிட்டது. பருத்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு, மீதி கொட்டை. பஞ்சு மில்லுக்குப் போனது. மிஞ்சிய கொட்டை மாட்டுத் தொட்டிக்கும் ஏழை வீட்டு ஆட்டுக்கல்லுக்கும் வந்தது.

அந்தக் கொட்டையில் என்ன இருக்கிறது? எண்ணெய்க் கணக்கில் அது பின்வரிசைக்காரன். எள்ளில் நூற்றுக்கு 50 பங்கு எண்ணெய், நிலக்கடலையில் 45 முதல் 50, பருத்திக்கொட்டையில் 18 முதல் 20 தான். ஆனால் புரதம் 20 பங்குக்கு மேல். அரிசியில் 7 பங்குதான். பசும்பால் வாங்க வழியில்லாத வீட்டில் இரவே கொட்டையை ஊறப்போட்டு, விடியலில் ஆட்டி, பாலை இரண்டு மூன்று தடவை பிழிந்து, அரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சினார்கள். என் அப்பத்தா பிழிந்த சக்கையையும் வீணாக்க மாட்டார், அது நேரே மாட்டுக்குப் போகும்.

விஷம் என்று சொல்வதும் பொய்யல்ல. கொட்டையைக் குறுக்கே வெட்டினால் உள்ளே கரும்புள்ளிகள் தெரியும். அவற்றில் இருப்பது காசிபால் என்ற பொருள். பூச்சியிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் செடி வைத்திருக்கும் ஆயுதம். அசைபோடும் மாட்டின் இரைப்பை அதைப் பெருமளவு கட்டிப்போட்டுவிடும். கன்றுக்குட்டிக்கும் கோழிக்கும் நமக்கும் அந்த வசதி கிடையாது.

சீனாவில் 1950-களில் சில கிராமங்களில் சுத்திகரிக்காத பருத்திக்கொட்டை எண்ணெயில் சமைத்துச் சாப்பிட்ட குடும்பங்களில் பிள்ளைப்பேறே நின்றுபோனது. காரணம் காசிபால். 1970-களில் அதையே ஆண்களுக்கான கருத்தடை மாத்திரையாக்க ஆயிரக்கணக்கானோரிடம் சோதித்தார்கள். சிலருக்கு உடம்பில் பொட்டாசியம் குறைந்தது, சிலருக்கு மகப்பேற்றுத் திறன் திரும்பவே இல்லை. கடைசியில் கைவிட்டார்கள்.

அமெரிக்காவின் கதை வேறு. 1793-இல் எலி விட்னியின் பஞ்சு பிரிக்கும் எந்திரம் வந்ததும் கொட்டை மலைமலையாகக் குவிந்தது. நெடுங்காலம் அதைக் குப்பையாகவே கொட்டினார்கள். பிறகு எண்ணெயைப் பிழிந்து, காரம் சேர்த்துக் காசிபாலை நீக்கக் கற்றார்கள். 1911-இல் அந்த எண்ணெயை ஹைட்ரஜனால் கெட்டியாக்கி ‘கிரிஸ்கோ’ என்று விற்றார்கள். நம் நாட்டில் 1937-இல் வந்த டால்டாவும் அதே உத்திதான். அதிலிருந்த டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் ஊருக்குத் தெரிந்தது. 2022 முதல் நம் நாட்டில் அதற்கு 2 விழுக்காடு என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். ஒரு விஷத்தை எடுத்த கையே இன்னொன்றை உள்ளே வைத்தது.

காசிபாலே இல்லாத பருத்தியை 1950-களிலேயே உருவாக்கிப் பார்த்தார்கள். ஆயுதமில்லாத செடியைப் பூச்சிகள் தின்று தீர்த்தன. 2006-இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் நம் நாட்டில் பிறந்த விஞ்ஞானி கீர்த்தி ரத்தோர் குழுவினர், கொட்டையில் மட்டும் காசிபால் குறைந்து இலையில் அப்படியே இருக்கும் செடியைக் காட்டினார்கள். உலகில் ஆண்டுக்கு விளையும் சுமார் 4.4 கோடி டன் கொட்டையிலுள்ள புரதம் 50 கோடிப் பேருக்கு ஓராண்டுக்குப் போதும் என்பது அவர்கள் கணக்கு. 2019-இல் அமெரிக்கா அதை உணவாக ஏற்றது. 2002 முதல் நம் வயல்களில் இருக்கும் பி.டி. பருத்தி வேறு. அது காய்ப்புழுவுக்காக வந்தது, கொட்டையில் காசிபால் இருக்கத்தான் செய்கிறது.

ஆக, இந்தக் கொட்டை மனிதனுக்கு உணவாக வேண்டுமென்றால் நடுவில் ஒரு வேலை நடந்தாக வேண்டும். மாட்டின் இரைப்பை செய்யலாம், ஆலை செய்யலாம், ஆய்வகம் செய்யலாம். நம் வீட்டில் அந்த வேலையைச் செய்தது அடுப்பு. நன்றாகக் கொதிக்கும்போது காசிபாலில் ஒரு பகுதி புரதத்தோடு பிணைந்து வீரியம் குறைகிறது. முழுக்கப் போய்விடாது. பருத்திப்பாலை நம் ஊரில் ஒரு டம்ளர் பலகாரமாக வைத்தார்கள், மூன்று வேளைச் சாப்பாடாக அல்ல.

எனவே என் பதில் இதுதான். எப்போதாவது ஒரு டம்ளர், நன்றாகக் கொதித்த பால், தாராளமாகக் குடியுங்கள். பச்சையாக அரைத்துக் குடிக்காதீர்கள். பிள்ளைப்பேற்றுக்காகக் காத்திருப்பவர்கள் தினமும் குடிக்கும் பழக்கத்தைத் தவிருங்கள். மிக முக்கியமாக, விதைக்கடையில் சிவப்பு, நீலச் சாயம் ஏற்றி வரும் விதையை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அது பூச்சிமருந்து பூசிய விதை, மாட்டுக்கும் ஆகாது. பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும் கொட்டையைத் தெரிந்த கடையில் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் வீட்டில் பருத்திப்பால் காய்ச்சத் தெரிந்த பெரியவர்கள் இருந்தால், எத்தனை நேரம் ஊற வேண்டும், எத்தனை பிழிவு, எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். எழுதியதை எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.