அருக்காணின்னா சிரிப்பா?



எதிரணித் தம்பி கேட்டார்: ‘இந்தக் காலத்துல யாராச்சும் பிள்ளைக்கு அருக்காணின்னு பேரு வைப்பாங்களா?’ அரங்கமே சிரிச்சுது. நடுவரய்யாவும் சிரிச்சாரு. எங்கம்மா பேரு அருக்காணிங்க. (கைதட்டல்)

அருக்காணி என்றால் அருமை. கிடைத்தற்கு அரியவள். இந்தப் பேரைக் கொங்கு நாட்டில் வீட்டுக்கு வீடு வைக்கச் செய்தது அண்ணன்மார் கதை. பிள்ளையில்லாமல் தவித்த தாமரை நாச்சியார், தவமிருந்து பெற்ற பிள்ளைகள் பொன்னர், சங்கர். கூடப் பிறந்த தங்கை அருக்காணி நாச்சியார். உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடுகிற கதை இது.

பிரெண்டா பெக் என்ற மானிடவியல் அறிஞர், 1965-ல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி இந்தக் கதையை ஒலிப்பதிவு செய்தார். 1982-ல் ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். அதற்கு அவர் வைத்த தலைப்பு, ‘மூன்று இரட்டையர்’. இரட்டையர்னா ரெண்டு பேருதானுங்களே, மூணாவது யாரு? அருக்காணி! கடல் கடந்து வந்த அம்மாவுக்கு அவளை விட்டுவிட்டு எண்ண மனசு வரல. (கைதட்டல்)

அதே 1982-ல் ‘கோபுரங்கள் சாய்வதில்லை’ படம் வந்தது. பட்டிக்காடு என்று கணவன் வெறுத்து ஒதுக்கும் மனைவியின் பேரு அருக்காணி. அந்தப் பெண்ணுக்காக அழுததை மறந்துட்டோம். பேரைச் சொல்லிச் சிரிக்க மட்டும் கத்துக்கிட்டோம்.

பேரன், பேத்தி என்ற சொற்களே பாட்டன் பாட்டி பேரைத் தாங்குவதால் வந்தவை. எனக்கு மகள் பிறந்தப்ப, நானும் பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுவாங்கன்னு பயந்து வேற பேரு வச்சேன். எங்கம்மா கோவிச்சுக்கல. ‘நல்லாருக்குது கண்ணு. எம் பேரு எங்கூடவே போவட்டும்’னு சொல்லிட்டுத் தொட்டிலை ஆட்டப் போயிட்டாங்க. இன்னிக்கு நீங்க சிரிச்சப்ப அந்த முகந்தான் ஞாபகம் வந்துச்சு. பழைய பேருக்காகப் பேச வந்தவள், நானே குத்தவாளிங்க.

கதையின் முடிவில் அண்ணன்மார் இருவரும் மாண்டு கிடக்கிறார்கள். களத்துக்குத் தேடிப் போய் அவர்களை எழுப்புகிறவள் இந்தத் தங்கைதான். இன்றைக்கும் கொங்குக் கோயில்களில் படுகளம் நடக்கும்போது, விழுந்து கிடப்பவர்களை எழுப்புகிற சடங்கு உண்டு.

செத்தவங்களை எழுப்பின பேருங்க அது. அந்தப் பேரை நாம சாகவிடலாமா? நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்க கையில.