காட்டுக்குள் ஒளிந்திருந்த ஊர்

சண்டிகருக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் ராக் கார்டனுக்குக் கூட்டிக்கொண்டு போவது என் தலையில் எழுதிய வேலை. மாமனார், மச்சினன், தங்கமணியின் சித்தி குடும்பம்... கணக்கே கிடையாது. டிக்கெட் வாங்கிக் கொடுத்துவிட்டு வெளியே டீ குடித்தபடி நின்றுவிடுவேன். போன மாதம் அம்மா வந்திருந்தார்கள். முட்டி வலிக்காரர் என்பதால் கையைப் பிடித்துக்கொண்டு நானும் உள்ளே முழுசாக நடந்தேன்.

குறுகலான பாதை. இரண்டு பக்கமும் பாறைச் சுவர், மேலே மரங்கள். வாசல்கள் எல்லாம் குட்டை, குனிந்துதான் போகவேண்டும். ஒரு திருப்பத்தில் சட்டென்று நூற்றுக்கணக்கான பொம்மைகள் வரிசை கட்டி நிற்கும். குடம் தூக்கும் பெண்கள், குரங்குகள், மாடுகள். எல்லாம் குப்பை! உடைந்த வளையல், பீங்கான் கோப்பை, கழிப்பறைத் தொட்டி, பியூஸ் கட்டை, சைக்கிள் பிரேம், ஏன், சலூன்கடை முடி வரைக்கும்.

செய்தவர் நேக் சந்த். 1924-ல் பிறந்தவர். ஷகர்கட் பக்கம் பேரியான் கலான் என்ற கிராமம், இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. 1947 பிரிவினையில் ஊரைவிட்டு வந்தவர், பிறகு சண்டிகர் கட்டப்பட்டபோது பொதுப்பணித்துறையில் சாலை ஆய்வாளர் ஆனார். லெ கார்பூசியே திட்டமிட்ட, கோடு போட்டாற்போன்ற கான்கிரீட் நகரம் இது. ஆனால் வெற்று நிலத்தில் எழுந்ததல்ல. இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்களைக் காலி செய்துதான் இடம் எடுத்தார்கள். இடிந்த வீடுகளில் மிஞ்சிய ஓடும் பாத்திரமும் வளையலும் குவிந்து கிடந்தன. அவற்றைத்தான் மனிதர் சைக்கிளில் அள்ளிப்போனார்.

அள்ளிப்போய் வைத்த இடம்தான் விஷயம். சுக்னா ஏரிக்குப் பக்கத்தில் புதர் மண்டிய ஒரு பள்ளத்தாக்கு. எந்தக் கட்டுமானமும் கூடாது என்று 1902-லேயே ஒதுக்கப்பட்ட காட்டுநிலம். யாரும் கட்டக்கூடாது என்பதாலேயே அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. 1957 வாக்கில் தொடங்கி, பகலில் அரசாங்கச் சாலை, ராத்திரியில் பழைய டயரைக் கொளுத்திய வெளிச்சத்தில் சொந்த ராஜ்ஜியம் என்று பதினைந்து வருஷமாவது ஓட்டியிருக்கிறார். சட்டப்படி பார்த்தால் ஆக்கிரமிப்பு, அதுவும் அரசு ஊழியரே செய்தது!

1970-களில் அதிகாரிகள் கண்ணில் பட்டபோது சுமார் 12 ஏக்கர் சிற்பங்களாக நிறைந்திருந்தது. இடித்துத் தள்ளியிருக்கலாம். இடிக்காமல், 1976-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, அவருக்குச் சம்பளமும் 50 வேலையாட்களும் கொடுத்தார்கள். நம் நாட்டில் இப்படியும் நடந்திருக்கிறது. 1984-ல் பத்மஸ்ரீ. இன்னொரு வேடிக்கை: இந்த நகரில் தனிமனிதர் சிலை எதுவும் வைக்கக்கூடாது என்று கார்பூசியே எழுதி வைத்திருந்தார். 1965-ல் அவர் காலமானபோது, காட்டுக்குள் பெயரில்லாதவர்களின் சிலைகள் பெருகிக்கொண்டிருந்தன.

ஆனால் சாலைகள் விடவில்லை. 1990-ல் சாலை போட புல்டோசர் வந்தபோது ஊர்மக்கள் கைகோத்து நின்று தடுத்தார்கள். 1996-ல் அவர் வெளிநாடு போயிருந்த சமயம் சிற்பங்களை அடித்து நொறுக்கினார்கள். 2015-ல் அவர் மறைந்தார். 2025 மார்ச்சில், பக்கத்து உயர்நீதிமன்றத்துக்குச் சாலையும் வாகன நிறுத்தமும் வேண்டுமென்று சுற்றுச்சுவரில் ஒரு பகுதியை இடித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியும் சுவர் போனது போனதுதான். சாலை ஆய்வாளர் கட்டியதைச் சாலைக்காக இடிப்பது... என்ன சொல்ல!

அம்மாவிடம் இதெல்லாம் சொல்லிக்கொண்டே நடந்தேன். கேட்டார்களா தெரியாது. வளையல் துண்டாலேயே உடுப்புப் போட்ட ஒரு பொம்மை வரிசை முன்னால் நின்றுவிட்டார்கள்.

"இதெல்லாம் யார் கைல கிடந்த வளையலோடா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வாசலில் குனியும்போது, "நம்ம வீட்டு நிலைவாசலும் இப்படித்தான். உங்க தாத்தா தெனமும் தலைய இடிச்சுக்குவார்" என்றார்கள். திருவாரூர் பக்கத்தில் எங்கள் ஓட்டு வீடு இருந்தது. இரண்டு வருஷம் முன்பு அண்ணன் இடித்துவிட்டு மாடி வைத்துக் கட்டினான். நான் பாதிப் பணம் அனுப்பினேன். கிரகப்பிரவேசத்துக்கு லீவு கிடைக்கவில்லை.

ராத்திரி சாப்பிட்டதும் அம்மா அண்ணனுக்குப் போன் போட்டார்கள். சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை. "ஏண்டா, பழைய வீட்டு ஓட்டையெல்லாம் எங்கடா கொட்டினே?"